பேர் அழிக்கிற மெஷின்

"என்ன வேலைக்குங்க?" என்று சவுரியப்பன் கேட்டார். அரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இரண்டாவது சந்தில் அவருடைய ஹார்டுவேர் கடை. நியாயமான கேள்விதான். ஆணி வாங்கப் போனாலும் கேட்பார்கள், அரம் வாங்கப் போனாலும் கேட்பார்கள். மூன்று வாரம் யோசித்து, செல்போனில் முப்பது வீடியோ பார்த்து, எத்தனை வாட்டு, எத்தனை வேகம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கம்பைநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்கு, இந்தக் கேள்வி ஒன்று வரும் என்று மட்டும் தோன்றவே இல்லை. கண்ணாடி மேஜையின் மேல் மூன்று மெஷின்களை எடுத்து வைத்திருந்தார். மூன்றும் கைக்கு அடக்கமானவை. ஒன்று வயர் போட்டது, ஒன்று பேட்டரி, இன்னொன்றில் வயரும் உண்டு, பாம்பு மாதிரி வளைகிற ஒரு குழாயும் உண்டு. முனையில் பிட்டை மாற்றி மாற்றிப் போட்டால் அறுக்கும், துளைக்கும், தேய்க்கும், செதுக்கும், பாலீஷ் போடும். அட்டைப் பெட்டியில் சின்னச் சின்னதாக நூறு சாமான்கள் இருந்தன. அதில் பாதி பல் டாக்டரிடம் பார்த்த மாதிரி இருந்தது.

"எல்லா வேலையும் செய்யும்னு போட்டிருக்குதுங்களே" என்றேன்.

"செய்யுங்க. நீங்க எந்த வேலை செய்யப் போறீங்கன்னு தெரிஞ்சாதானே நான் எடுத்துக் குடுக்க முடியும்."

சொல்ல வாய் வரவில்லை. "மரத்துல சாமி செதுக்கலாம்னு" என்று சொல்லிவிட்டேன். எந்தச் சாமி என்றார். முருகர் என்றேன். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணையாக நான்கு பொய் வரும் என்பார்கள், அன்று வேலும் மயிலுமாக வரிசையாக வந்தன. அவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் சர்ச்சில் மாதா சுரூபத்துக்கு ஒரு விரல் உடைந்து கிடக்கிறது, உங்களுக்குக் கை பழகிவிட்டால் வந்து பார்க்க வேண்டும் என்று என் போன் நம்பரைக்கூட வாங்கிக்கொண்டார். மரத்துக்குப் பேட்டரி போதும், வேகம் கம்மியாக வைக்க வேண்டும் என்று சொல்லி, முள் முள்ளாக இருந்த பிட்டு டப்பா ஒன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

எனக்கு வேண்டியிருந்தது என்னவோ, நாற்பத்தோரு எவர்சில்வர் பாத்திரங்களில் என் மருமகன் பெயரை அழிக்க ஒரு மெஷின்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் யுவராணியின் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்தபோது, பேர் வெட்டுவது இலவசம், எழுத்துக்குக் காசில்லை என்று கடைக்காரர் சொன்னார். எங்கள் பக்கம் பாத்திரத்தில் பேர் வெட்டுவது, விசேஷத்துக்கு இரவல் கொடுத்தால் வீடு திரும்பி வர வேண்டும் என்பதற்காக. இரண்டு எழுத்து போதும். ஓசி என்றதும் நான் விட்டேனா? ஒரு பக்கம் 'வீரமணி – யுவராணி', கீழே தேதி. மறு பக்கம் 'அன்பளிப்பு: பெற்றோர் பச்சியப்பன் – பாஞ்சாலி'. குடம், அண்டா, தவலை, சோற்றுக் குண்டான், டம்ளர் வரைக்கும். "ஓசின்னா பினாயிலும் குடிப்பீங்க" என்று பாஞ்சாலி அப்போதே சொன்னாள். பேர் வெட்டுகிறவன் மெஷினைப் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாக என் பெயரை எழுதும்போது, பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் சொசைட்டியில் இருபத்தெட்டு வருஷம் பால் டெஸ்ட் பார்த்தவன் என் பெயரை அதுவரை ரிஜிஸ்டரில் தவிர வேறு எங்கும் பார்த்ததில்லை.

போன ஆனி மாசம் யுவராணி நான்கு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். இது மாசி. இடையில் அரூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, பஸ் பாஸும் எடுத்துவிட்டாள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை குடிக்கிறானா என்றால் இல்லை. கை நீட்டினானா என்றால் இல்லை. ஓசூரில் கம்பெனி வேலை, பாப்பிரெட்டிப்பட்டியில் சொந்த நிலம். ஞாயிற்றுக்கிழமையானால் எனக்குப் போன் செய்து "மாமா, நல்லாயிருக்கீங்களா, மழை உண்டுங்களா?" என்று கேட்கிறான். உண்டு என்றால் சரிங்க மாமா என்று வைத்துவிடுகிறான். இதிலிருந்து ஒருவன் என்ன புரிந்துகொள்வது? பாலில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் நாக்கில் வைத்தே சொல்லிவிடுவேன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன கலந்தது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்படியே ஓடிக்கொண்டிருக்க, தை மாசம் ஒரு நாள் வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றது. சீர்ப் பாத்திரம் முழுவதும் சாக்கில் கட்டி வந்து இறங்கியது. அவர்கள் அனுப்பினார்களா என்று டிரைவரிடம் கேட்டால், உங்கள் மகள்தான் போன் செய்து வாடகை பேசினார்கள் என்றான். யுவராணியைக் கேட்டேன். "அங்க எடத்த அடைச்சிக்கிட்டு இருந்துச்சிப்பா" என்றாள். அதோடு சரி. ஓசூரில் வாடகை வீட்டைச் சின்னதாக மாற்றியிருப்பார்கள், அதுதான் என்றாள் பாஞ்சாலி. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொன்னேன். ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் அடித்துக்கொண்டோம். சொன்னவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை.

பாத்திரத்தில் எதையும் அவள் தொடவில்லை. சின்ன வயசில் சாப்பிட்ட, விளிம்பு நசுங்கின பழைய தட்டை அட்டாலியிலிருந்து தேடி எடுத்து அதில்தான் சாப்பிட்டாள். அந்தப் பெயரைப் பார்த்துச் சாப்பிடப் பிள்ளைக்கு மனசு வரவில்லை என்று எனக்குப் பட்டது. நடுவில் பக்கத்து வீட்டுச் சுகுணா காது குத்துக்கு அண்டா இரவல் வாங்கிப் போய், திருப்பிக் கொடுக்கும்போது, "மாப்ள பேரு அழகா வெட்டியிருக்காங்க இல்லீங்களா மாமா" என்று என் முகத்தையே பார்த்தாள். எனக்கு அசிங்கமாக இருந்தது. அடுத்த மாசம் மாரியம்மன் பண்டிகைக்கு என் தங்கை வீட்டார் எல்லாம் வருவார்கள், இந்தக் குண்டானில்தான் சோறு வைக்க வேண்டும். மகளுக்காக அழிக்க நினைத்தேனா, என் முகத்துக்காக அழிக்க நினைத்தேனா என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கொட்டகையை ஒட்டி எனக்கு ஒரு சின்ன இடம் உண்டு. பட்டறைப் பலகை, சாமானைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், ரம்பம், அரம், கைத்துரப்பணம். நாற்காலிக் கால், ஸ்பிரேயர் பம்பு எல்லாம் அங்கேதான் சரி செய்வேன். அங்கே உட்கார்ந்து புது மெஷினில் முள் பிட்டை மாட்டி, முதலில் ஒரு டம்ளரில் வைத்துப் பார்த்தேன். பிட்டு துள்ளி ஓடி, டம்ளரின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு என் கட்டை விரலையும் தொட்டுவிட்டுப் போனது. வேகத்தைக் கூட்டினேன். பிட்டின் முள்ளெல்லாம் மழுங்கிக் கருகிப்போனதுதான் மிச்சம். வீரமணி அப்படியே இருந்தான், ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. கம்மியா, ஜாஸ்தியா, பேட்டரி தப்பா, பிட்டு தப்பா, கை தப்பா என்று ஒன்றும் புரியாமல் சாயங்காலம் வரைக்கும் அந்த நூறு சாமானையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுக் கழற்றினேன்.

பாஞ்சாலி விரலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். "ஒரு மெஷினு வாங்க மூணு வாரமா ஊரு பூரா கேட்டீங்க. டீக்கடைல கேட்டீங்க, சொசைட்டில கேட்டீங்க. அன்னைக்கி ஒரே மத்தியானத்துல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

எந்த மத்தியானம் என்று எனக்குத் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அவர்கள் ஏழு பேர் பெண் பார்க்க வந்து, காபி குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் சம்மதம் சொல்லிவிட்டேன். நல்ல இடம், கை நழுவிப் போகக்கூடாது என்று ஒரு பதற்றம். யுவராணி உள்ளே இருந்தாள். பிடித்திருக்கிறதா என்று அவளைக் கேட்டேனா, இல்லையா? கேட்டிருப்பேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எங்கே நின்று கேட்டேன், அவள் என்ன சொன்னாள் என்று யோசித்தால் ஒன்றுமே வரவில்லை.

மறுபடியும் அரூர் போனேன். "முருகர் எந்த மட்டுக்கு வந்திருக்காரு?" என்று சவுரியப்பன் சிரித்தபடி கேட்டார். கடையில் வேறு ஆள் இல்லை. முருகர் இல்லீங்க, எவர்சில்வர்ல பேர் அழிக்கணும் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார், துருவிக் கேட்பார் என்று பயந்தேன். அவர் பேட்டரி மெஷினைத் திரும்ப வாங்கி உள்ளே வைத்தார்.

"மாசத்துக்கு ரெண்டு பேராவது இதுக்கு வராங்க. எல்லாரும் மொதல்ல சாமிதான் செதுக்கறாங்க" என்றார்.

அவர் வயர் போட்ட மெஷினை எடுத்துக் காண்பித்தார். ஸ்டீலுக்குப் பேட்டரி தாங்காது. முதலில் உப்புத்தாள் சுற்றிய சின்னச் சக்கரம், அப்புறம் துணிச் சக்கரத்தில் மெழுகு தடவிப் பாலீஷ். வேகம் மூன்றாம் நம்பருக்கு மேல் வேண்டாம். தகடு மெல்லிசு, ஒரே இடத்தில் நின்றால் ஓட்டை விழுந்துவிடும். "அமுத்தக் கூடாதுங்க. காத்துல சுத்தறப்ப ஒரு சத்தம் வரும், தகட்டுல பட்டா சத்தம் மாறும். மாறுன ஒடனே கைய நகத்திக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, மெஷினைப் பெட்டியில் வைத்தபடி, "பொண்ணோடதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு மீதிச் சில்லறையைக்கூட எண்ணத் தோன்றவில்லை.

சனிக்கிழமை பாஞ்சாலி கூலியாட்களோடு காட்டுக்குப் போயிருந்தாள். யுவராணிக்கு அரை நாள் பள்ளி, மூன்று மணிக்கு வருவாள். நான் குடத்தைச் சாக்கின் மேல் வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டு, மூன்றாம் நம்பரில் வைத்து ஆரம்பித்தேன். சவுரியப்பன் சொன்ன மாதிரியே சத்தம் மாறியது. புள்ளி புள்ளியாக இருந்த எழுத்து மங்கி, தேய்ந்து, போயே போய்விட்டது. எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அப்புறம் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். குடம் முழுக்கப் பழைய மினுக்கு, வீரமணி இருந்த இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று வேறு மாதிரி. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் யுவராணி. பெயர் இருந்ததைவிட இப்போதுதான் கண்ணை இழுத்தது. தெருவில் போகிறவன்கூட நின்று இங்கே என்ன இருந்தது என்று கேட்பான்.

எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. தோளில் பையோடு நின்றிருந்தாள். பையை வைஸ் மேல் மாட்டிவிட்டு எதிரில் குந்தி உட்கார்ந்து, அந்த இடத்தை விரலால் தடவினாள். இன்னும் சூடு ஆறவில்லை.

"யாரக் கேட்டுப்பா இதப் பண்ணீங்க?" கோபமே இல்லை. அதுதான் என்னைப் படுத்தியது.

"ஒனக்காகத்தான் சாமி. நீ இதுல எதையும் தொட மாட்டேங்கற. பழைய தட்டுலதான சாப்புடற."

"அந்தத் தட்டு எனக்குப் புடிக்கும். அதனால சாப்புடறேன்."

ஏழெட்டு மாசமாகக் கேட்காமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "முடிஞ்சி போச்சா, இல்லையா கண்ணு? எனக்கு ஒண்ணுமே புரியல."

"எனக்குந்தான் புரியல" என்றாள். குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புரிஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்டிருக்கலாமில்ல. இப்பவும் கேக்கல. அன்னைக்கும் கேக்கலைங்கப்பா."

கேட்டேனா இல்லையா என்பதற்குப் பதில் அதுதான். கொட்டகையில் மாடு கழுத்தை ஆட்டியது. நான் துணியை எடுத்து விரலைத் துடைத்தேன், துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தேன். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது, வரவில்லை.

"இதெ எப்பிடி ஆன் பண்றது?" என்றாள்.

காண்பித்தேன். மூன்றாம் நம்பருக்கு மேல் வேண்டாம், அமுத்தக் கூடாது, கை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சவுரியப்பன் சொன்னதையெல்லாம் சொன்னேன். எதை அழிக்கப் போகிறாய் என்று கேட்க நினைத்தேன், இந்த முறையாவது கேட்டிருக்க வேண்டும்தான். அதற்குள் மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது. "ஆடாம புடிச்சிக்கோங்க" என்றாள். இரண்டு கையாலும் குடத்தை அணைத்துப் பிடித்தேன். அவள் இடது கையால் குடத்தை மெல்லத் திருப்பினாள். பளபளப்பான இடம் போனது, கோடு போனது, யுவராணி போனது, தேதி போனது. பாதி வட்டம் திரும்பி நின்றது. சக்கரம் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது. கணக்கு திருத்தும்போது பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"கைய எடுங்கப்பா" என்றாள்.

பார்த்தேன். என் வலது உள்ளங்கையை ஒட்டி 'அன்பளிப்பு' மட்டும் வெளியே தெரிந்தது, எங்கள் பேர் இருந்த மீதி எழுத்தை நான் மூடிக்கொண்டிருந்தேன். கையை எடுத்தேன். வேறு பக்கம் பிடித்துக்கொண்டேன், ஆடாமல். சத்தம் மாறியது.