பூவிழியின் முட்டை

குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தார்கள். உதவியாளர் அம்மா பாத்திரங்களோடு குழாயடிக்குப் போயிருந்தாள். மணிமேகலை அங்கன்வாடியின் சாமான் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, சத்துமாவு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே நின்றபடி, மீந்திருந்த ஒரு முட்டையை உரித்தாள். அறையில் ஸ்டூல் இருந்தது. அவள் உட்காரமாட்டாள். உட்கார்ந்து தின்றால் அது சாப்பாடாகிவிடும். நின்றுகொண்டு விழுங்கினால் ஏதோ கைதவறி நடந்துவிட்டதைப் போல இருக்கும்.

அது பூவிழிக்கு வந்த முட்டை. புளி உலுக்கும் காலம் தொடங்கியதிலிருந்து அந்தக் குழந்தை பாதி நாள் வருவதில்லை. அவள் அம்மா ஐஸ்வர்யா இண்டூர் பக்கம் ஒரு களத்துக்குப் புளி தட்டப் போகிறாள், பிள்ளையையும் கூடவே கூட்டிக்கொண்டு. வராத பிள்ளையின் முட்டை யாருக்குமில்லாத முட்டைதானே என்று முதல் நாள் மணிமேகலை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாம் நாள் அப்படிச் சொல்லிக்கொள்ளத் தேவைப்படவில்லை. இப்போதெல்லாம் காலையில் பிள்ளைகளை எண்ணும்போது பூவிழி இல்லையென்றால் மனசுக்குள் சின்னதாக ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியைத்தான் அவளால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

பொங்கல் கழிந்து தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அதற்கு முன் பல வருஷமாக இடுப்பும் முட்டியும் வலி. காலையில் எழுந்ததும் முதுகு பலகை மாதிரி விறைத்து நிற்கும். தலை பின்னக் கை மேலே போகாது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஜன்னல் கம்பி வேண்டும். டாக்டரம்மா படங்களைப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் குடித்த போர் தண்ணீரிலிருந்த ஃப்ளோரைடு எலும்பில் ஏறியிருக்கிறது என்றார். "மாத்திரை அப்போதைக்கு வலியை அடக்கும், அவ்வளவுதான். குடிக்கறதுக்கு மட்டுமில்லீங்க, சோறாக்கறதுக்கும் குழாயில வர்ற ஒகேனக்கல் தண்ணியே எடுங்க. வரக்காப்பி, டீயெல்லாம் விட்டுடுங்க. பால், மோர், கீரை, நெல்லிக்கா, தினம் ஒரு முட்டை. விடாம சாப்பிட்டீங்கன்னா வலி மட்டுப்படும். அங்கன்வாடி டீச்சருக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மாதம்மாள், "டாக்டரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"மாத்திர குடுத்திருக்காங்க அத்த" என்றாள் மணிமேகலை.

அவ்வளவுதான் சொன்னாள். தண்ணீரை மாற்றினாள், வரக்காப்பியை நிறுத்தினாள். அவை யாரிடமும் கேட்க வேண்டாதவை. சாப்பாட்டைப் பற்றி வாய் வரவில்லை. வீட்டில் மாடு இருந்தது, கோழி இருந்தது. பால் சொசைட்டிக்குப் போனதுபோக மிச்சம் மாமியாருக்கும் கணவன் சின்னராஜுக்கும் காப்பிக்கு. முட்டை சின்னராஜுக்கு, சனிக்கிழமை ஆஸ்டலிலிருந்து வரும் மகனுக்கு. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. பரிமாறியவளே அவள்தான். பத்தொன்பது வயதில் மருமகளாக வந்து, எல்லாரும் தின்றபின் சட்டியில் இருப்பதை வழித்துத் தின்னப் பழகி, அதையே தன் நல்ல குணம் என்று நம்பத் தொடங்கியிருந்தாள். இப்போது போய் எனக்கு ஒரு டம்ளர் பால், எனக்கு ஒரு முட்டை என்று எப்படிச் சொல்வது? மையத்துக்கு வரும் கர்ப்பிணிகளிடம் மட்டும், "வெக்கப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடும்மா, ஒடம்பு உன்னுதுதான" என்று படம் காட்டிச் சொல்லுவாள். நன்றாகவே சொல்லுவாள்.

இந்த ஒன்றிரண்டு மாதத்தில் வலி குறைந்திருந்தது. தண்ணீரா, காப்பியை விட்டதா, முட்டையா என்று தெரியவில்லை. நேற்று தானே தலை பின்னிக்கொண்டாள். கை பின்னால் போனதும் அழுகை வந்தது. கூடவே, எதைத் தின்று இந்தக் கை மேலே போகிறது என்ற நினைப்பும் வந்தது.

"டீச்சர்!"

வாசலில் ஐஸ்வர்யாவின் குரல். மணிமேகலை வாயிலிருந்ததை அப்படியே விழுங்கினாள். மஞ்சள் கரு தொண்டையில் நின்றது. ஓடுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

ஐஸ்வர்யா இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். விரல்கள் புளியேறிக் கறுத்திருந்தன.

"முட்ட நாளு முட்ட நாளுன்னு காலையிலருந்து ஒரே அழுவ டீச்சர். மேஸ்திரி கத்துனான். நீ கத்திக்கடான்னு பாதியில வந்துட்டேன். நீங்கதான போன வாரம் சொன்னீங்க, எடை ஏறவேயில்ல, முட்டைய உட்டுடாதன்னு. இருக்குதுங்களா?"

"தீந்து… போச்சும்மா."

சொன்ன வாயிலிருந்து வந்த வாசனை அவளுக்கே தெரிந்தது. பூவிழி தலையை நீட்டி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, டீச்சர் முட்ட தின்னாங்க."

"சீ, வாய மூடு. டீச்சரு அவங்க வூட்லருந்து கொண்டாந்திருப்பாங்க. அவங்க வூட்ல எத்தன கோழி இருக்குது, பாத்ததில்ல நீ?"

அதைச் சொல்லும்போதே ஐஸ்வர்யாவின் கண் கீழே போனது. முந்தானையிலிருந்து ஒரு துண்டு ஓடு சிமெண்ட் தரையில் விழுந்திருந்தது. அரசாங்க முட்டைக்குக் குத்துகிற மை முத்திரை அதில் பாதி தெரிந்தது. அவள் பார்த்தாள். பார்த்ததை மணிமேகலையும் பார்த்தாள்.

திட்டுவாள் என்று மணிமேகலை காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"நாந்தான் நேரங்கழிச்சி வந்துட்டேன் டீச்சர்" என்றாள் ஐஸ்வர்யா. பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "கோழி இன்னிக்கி லீவு போட்டுடுச்சாம் பாப்பா. வா, போலாம்."

மணிமேகலை சத்துமாவு உருண்டை ஒன்றை அவசரமாகப் பிடித்து நீட்டினாள். பூவிழி வாங்கிக்கொண்டாள். ஐஸ்வர்யா திரும்பிப் பார்க்காமல் வெயிலில் நடந்தாள்.

அந்தப் பொய்யையாவது தானே சொல்லியிருக்க வேண்டும், இல்லை உண்மையையாவது தானே சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் நின்றாள். பிள்ளை இழந்த முட்டைக்காக அதன் அம்மாவே அந்தப் பிள்ளையிடம் டீச்சருக்காகப் பொய் சொல்லும்படி ஆகிவிட்டது. அதிலும் அந்தப் பொய்! வீட்டிலிருந்து கொண்டுவந்திருப்பார்களாம். ஐஸ்வர்யாவுக்கு அது எவ்வளவு சுலபமாகத் தோன்றியிருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் அவள் அடுப்புச் சட்டியில் இரண்டு முட்டைகளை வேகப் போட்டாள். மாதம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அதியமான்கோட்டை டயர் கடையிலிருந்து வந்த சின்னராஜ் களித்தட்டின் முன் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு எதுக்குடி? அவன் ஒண்ணுதான திம்பான்" என்றாள் மாமியார்.

"இன்னொண்ணு எனக்கு அத்த."

கீரை உருவிய கை நின்றது. "ஒனக்கா?"

"டாக்டரம்மா சொன்னாங்க. தெனம் ஒரு முட்ட, பாலு, மோரு சாப்பிட்டாத்தான் எலும்பு வலி மட்டுப்படும்னு. தை மாசமே சொன்னாங்க."

"தை மாசமேவா? மாத்திர குடுத்தாங்கன்னுதான சொன்ன?" மாதம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த? நாங்க என்ன ஒன் கையப் புடிச்சிக்கிட்டமா? நீ மாத்திரயிலயே தேறிட்டன்னு அந்த டாக்டரு கைராசிய ஊரெல்லாம் சொல்லிட்டு வரேன் நானு!"

அந்தக் கோபத்தை மணிமேகலை எதிர்பார்க்கவில்லை. மறுப்பார்கள், ஜாடை பேசுவார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த நினைப்பில்தான் சாமான் அறைக்குள் கதவைச் சாத்தினாள். வீட்டில் யாரும் தனக்கு மறுக்காத ஒன்றை ஒரு குழந்தையிடமிருந்து எடுத்திருக்கிறாள்.

சின்னராஜ் நிமிர்ந்து பார்த்தான். "தேறிட்ட சரி. நம்ம வூட்ல நீ முட்ட தின்னு நான் பாத்ததில்லயே. எங்க தின்ன?"

தின்னவில்லை, தண்ணியில்தான் தேறினேன் என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி உண்மைகூட இருந்தது.

"சென்டர்ல" என்றாள். "ஐஸ்வர்யா புள்ளையோடத. இன்னிக்கி அவ வந்து கேட்டா. என் வாயில இருந்துச்சு."

களி பிசைந்த கையை அவன் தட்டிலேயே வைத்திருந்தான். அடுப்பில் தண்ணீர் கொதித்து முட்டைகள் சட்டியில் மோதிக்கொண்டன.

"நாளைக்கி அவ மூஞ்சிய எப்படிப் பாப்ப?" என்றான் சின்னராஜ்.

"தெரியல. காலையிலயே அவ வூட்டுக்குப் போயி சொல்லணும். அவளுக்குத் தெரியும். ஆனா நான் சொல்லணும்."

"தண்ணிய எறக்கு, வெடிச்சிரும்" என்றாள் மாமியார். குரலில் கோபம் இல்லை, பரிவும் இல்லை.

மணிமேகலை சட்டியை இறக்கினாள். ஒரு முட்டையை உரித்துச் சின்னராஜின் தட்டில் வைத்தாள். மற்றதை எடுத்துக்கொண்டு அவர்கள் இருவருக்கும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். முட்டி மடங்கியது. சூடு ஆறும்வரை கைமாற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு உரித்து, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல மென்று முழுவதையும் தின்றாள்.