கடைசி ஆளின் விசில்

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை, மாலை ஐந்தே கால். கொட்டித் தீர்த்த மழை தூறலாக இளைத்திருந்தது. அயனம்பாக்கம் ஏரி கரையை முட்டிக்கொண்டு நின்றது. ஏரியைப் பார்த்த அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், வினோத்தின் வீட்டுக் கூடத்தில், மறுநாள் ஏறவிருந்த மலையின் வரைபடம் தரையில் விரிந்து கிடந்தது.

அந்தச் சிகரத்துக்குப் பெயர் கிடையாது. ஆந்திர எல்லைக்கு அப்பால், வழிகாட்டிப் பலகையோ பாதையோ இல்லாமல் நின்ற மலை அது. ஆவடியிலுள்ள வேறொரு மலையேற்றக் குழு பொங்கலுக்குள் அதில் ஏறிவிடப் போகிறது என்று கேள்விப்பட்ட நாள் முதல் வினோத்துக்குத் தூக்கம் போய்விட்டது. அவன் குழுத் தலைவன். எப்போதும் முன்னால் நடப்பவன். கனிமொழி கடைசி ஆள். பின்தங்கியவர்களை ஒருவர் விடாமல் முன்னே அனுப்பி, தனக்குப் பின்னால் எவரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு நடப்பது அவள் பொறுப்பு. கழுத்தில் தொங்கும் விசில் அதற்கானது. அவள் ஊதினால் முன்னால் போகிறவன் நின்று திரும்பியாக வேண்டும். நாளை போகிறவர்களில் அவளுடைய தம்பி ஸ்ரீநாத்தும் ஒருவன். அவனுக்கு இதுதான் முதல் மலை.

வேன்காரர் நாகப்பனுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஏதோ ஒரு குழுவின் தலைவன் எல்லாரும் இறங்கியாயிற்று என்று சொன்னதை நம்பி வண்டியை எடுத்தவர், மலையில் விடுபட்ட ஒருவனுக்காகக் காவல் நிலையத்தில் அறை வாங்கியவர். அன்றிலிருந்து தலைவன் பேச்சை அவர் ஏற்பதில்லை. போகலாமா கூடாதா என்று கடைசி ஆள் எழுதிக் கையெழுத்திட்ட தாள் முந்தின நாளே கைக்கு வந்தால்தான் வண்டி நகரும். இப்போதும் அதற்காகக் கீழே காத்திருந்தார்.

"போடு கனி. அந்தாளு கீழ குந்திகினு கீறாரு," என்றான் வினோத்.

"இந்த வழியை எப்ப பதிவு பண்ணே?"

"மே மாசம். நீயும்தானே வந்தே? பாதி மலை வரிக்கும் போனோமே. முள்ளு இல்ல, புதரு இல்ல, சும்மா ரோடு மாதிரி இருந்துச்சே."

"ஏன் புதர் இல்லைன்னு யோசிச்சியா?"

அன்று காலை, மே மாதத்துக்குப் பிறகு தொடாத காலணியை அவள் உதறியபோது கொட்டியது செம்மண் அன்று, ஆற்று மணல். காகிதத்தில் மடித்து எடுத்துவந்திருந்த அதை வரைபடத்தின்மேல் கொட்டினாள்.

"நாம நடந்தது வழியே இல்ல. காஞ்ச ஓடை. ரெண்டு பக்கமும் பாறைச் சுவர். இந்த மழைக்கு அதுல தண்ணி எப்படிப் போகும்? நடுவுல மாட்டினா ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது."

ஸ்ரீநாத் சிரித்தான். "அக்கா பக்கெட் தண்ணிக்கே பயப்படும் அண்ணே."

"கேட்டியா? தம்பிக்குக் கீற தில்லு உனக்கு இல்ல. ஆவடிக்காரன் மேல நின்னு போட்டோ போடுவான், நான் லைக் போட்டுகினு இருக்கணுமா?"

"மார்ச்ல போகலாம்."

வினோத் அவள் மணிக்கட்டைப் பற்றி, விரல்களுக்கிடையில் பேனாவைச் செருகி, முறுக்கினான். "போலாம்னு எழுது." எலும்பு நெரிந்தது. அவள் உதட்டைக் கடித்தாளே தவிர, எழுதவில்லை.

ஸ்ரீநாத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணே, விடுங்க. அது எங்க அக்கா."

திரும்பிப் பாராமலே வினோத் முழங்கையை வீசினான். காய்ந்த சுள்ளி முறிவது போன்ற ஓசையுடன் ஸ்ரீநாத்தின் மூக்கு உடைந்தது. வரைபடத்தில், பெயரில்லாத மலையின்மேல் ரத்தம் சொட்டியது. மூக்கில் வழிந்த ரத்தத்தோடு அவன் வினோத்தின்மேல் பாய்ந்தான். இருவரும் கண்ணாடி டீப்பாயின்மேல் விழுந்தார்கள், அது தூள்தூளாகியது. புரண்டு நின்றபோது வினோத் மேலே இருந்தான், ஸ்ரீநாத் கீழே. மலையேறும் கைத்தடியை ஸ்ரீநாத்தின் தொண்டைக்குக் குறுக்கே வைத்து, இரு கைகளாலும் அழுத்தினான்.

"நேத்து ஷூ வாங்குனவன்டா நீ! என் மேலயே கைய வெக்கிறியா?"

ஸ்ரீநாத்தின் குதிகால்கள் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டன. பிறகு அந்த ஓசை தளர்ந்தது.

கனிமொழி விசிலை ஊதினாள்.

பல மலைகளில் பழகிய உடம்பு அறிவை முந்திக்கொண்டது. வினோத்தின் கைகள் நின்றன. தலை பின்னால் திரும்பியது. அந்த ஒரு கணம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. நிரம்பிய எஃகுத் தண்ணீர்ப் புட்டியை இடக்கையால் ஓங்கி அவன் காதோடு சேர்த்து இறக்கினாள். அவன் சரிந்தான். மறுபடி எழ முயன்றபோது மறுபடியும் இறக்கினாள். கோபத்தில் செய்யவில்லை, ஆணி அடிப்பவளைப் போல நிதானமாகச் செய்தாள்.

ஸ்ரீநாத் இருமினான். மூச்சு வந்துவிட்டது.

அவள் தாளை எடுத்தாள். வலக்கை வீங்கிவிட்டதால் இடக்கையால் எழுத வேண்டியிருந்தது. எழுத்து கோணலாக வந்தது. 'போகக் கூடாது. வழி என்று குறித்திருப்பது ஓடை.' கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

"எந்திரி. முன்னால நட."

"நீ போ அக்கா, நான் பின்னால..."

"எனக்குப் பின்னால யாரும் வரக் கூடாது. நட."

இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேலிருந்து வினோத்தின் குரல் கேட்டது. "கனி! அந்தக் கடுதாசிய குடுத்துப் பாரு, உன்ன உசுரோட உட மாட்டேன்!" கைத்தடி பறந்து வந்து, அதன் இரும்பு முனை அவள் தோளைக் கிழித்துக்கொண்டு சுவரில் மோதியது. அவள் தம்பியின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வேனின் கதவைத் திறந்து நாகப்பன் இறங்கினார். மேலே பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, ரத்தக் களறியா வந்து நிக்கிறீங்க? மொதல்ல வண்டில ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஸ்ரீநாத் ஏறி உட்காரும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு படிக்கட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, தாளை அவர் கையில் கொடுத்தாள்.