இறங்காத சைக்கிள்

ஈப்போ நகர மண்டபத்தில், எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்த தேசத் தந்தையைப் பற்றிய கண்காட்சி. ஏற்பாடு, எங்கள் பழைய தோட்டத்தில் கணக்கராக இருந்த கிராணியின் மகன் கோலின். அழைப்பிதழில் 'எல்லாரையும் சமமாகப் பார்த்த தலைவர்' என்று எழுதியிருந்தார். காட்சிக்கு அப்பாவின் சைக்கிளைக் கேட்டார். உடனே சரி என்றேன். இந்த நாளுக்காகத்தான் அதைத் துருப்பிடிக்காமல் துடைத்து வைத்திருந்தேன்.

கிராணி வீட்டைக் கடக்கும்போது தொழிலாளிகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அது தோட்டத்துச் சட்டம். ஐம்பத்தேழில் தலைவர் வானொலியில் ஏழு முறை "மெர்டேக்கா", அதாவது விடுதலை, என்று முழங்கினார். மலாய் சரியாகத் தெரியாத அப்பா, அதற்கு 'இனி இறங்க வேண்டாம்' என்று பொருள் கொண்டார். திங்கட்கிழமை மிதித்துக்கொண்டே போனார். மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டில், எல்லாரும் பார்க்க, கிராணி அந்தச் சைக்கிளை அவர் தலையில் ஏற்றி நிற்க வைத்தார். அப்பா அதன் பிறகு அதில் ஏறவே இல்லை.

மண்டபத்துப் படிக்கட்டு குறுகல்.

"தலையில வெச்சுக்குங்க அண்ணே, சுலபம்லா," என்றேன்.

கோலின் சிரித்தபடியே சுமந்து மேடையேறினார். கூட்டம் கை தட்டியது. நான் மைக்கைப் பிடித்து நடந்ததை எல்லாம் சொன்னேன், கிராணியின் பெயரோடு. கைதட்டல் அடங்கிவிட்டது.

கோலினின் முகம் வேர்த்தது. "தனேஸ், ஒரு கை பிடி. எறக்கணும்."

"இருங்கண்ணே. எல்லாரும் சமம்னு நீங்கதானே எழுதினீங்க? எங்கப்பா ரெண்டு மணி நேரம் நின்னாரு."