டாங்கிக்காரர் வேனும் நாலு பாயும்

அந்த வருஷம் ஆயுத பூஜையை ஒட்டி வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு வந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் குழாயடி வரிசையிலேயே பத்து வருஷத்தைக் கழித்துவிட்ட லோகநாயகிக்கு ஒரே ஒரு ஆசை. மூன்று நாளும் கடற்கரையிலேயே இருக்க வேண்டும். காலை நனைத்து, சுண்டல் தின்று, பஸ் பிடித்துத் திரும்பும் கதையெல்லாம் வேண்டாம். தங்க வேண்டும்.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் வேனை நிறுத்திக்கொண்டு அதிலேயே சமைத்துப் படுக்கலாமாம், கிணறும் உண்டாம். யாரோ சொன்ன நாளிலிருந்து அவள் புருஷன் கஜபதியை விடவில்லை. அவனும் சிநேகிதனுடைய மெட்டடார் வேனைக் கேட்டு வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றி, ஸ்டவ் வைக்க மேடை அடித்துக் கொடுத்தான். அவன் தம்பி உத்தமனும் புதுப்பெண்டாட்டி கஸ்தூரியும் கூட வந்தார்கள். உத்தமனுக்கு வழியெல்லாம் நக்கல்தான்.

"இன்னா அண்ணி, ஊட்டையே மூட்டை கட்டிகினு வந்துட்டே? நாளைக்கே திரும்பிடுவோம் பாரு."

"நீ வேணா திரும்பு. நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலந்தான் வருவேன்."

தோப்பில் ஈ காக்கை இல்லை. காற்றும் அலையும்தான். காவல்காரர் அய்யாசாமி மட்டும் ஓடி வந்தார்.

"மரத்தடியிலயே நிறுத்திக்குங்க சார். மணல்ல எறக்காதீங்க."

கஜபதி ராணுவ டாங்கி பேக்டரியில் சங்கிலி மாட்டுகிற ஃபிட்டர். மணல் என்ற சொல்லைக் கேட்டதுமே மீசை துடித்தது. "யாராண்ட சொல்றே நைனா? நாங்க செய்யற வண்டி பாலைவனத்துலயே பறக்குது!"

வேன் கடலைப் பார்த்து முப்பது அடி பறந்தது. அப்புறம் பின்சக்கரம் இரண்டும் பாதிக்குமேல் புதைந்துவிட்டன. அவன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது. பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று ஒன்று முன்னால் தலை தொங்கிப்போனது.

உத்தமன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணாத்தே, கெளம்பறப்ப சக்கரத்துல வெச்ச எலுமிச்சம்பழம் நசுங்காம உருண்டு ஓடினப்பவே நெனைச்சேன்!"

அய்யாசாமி சிரிக்கவில்லை. "பொழுது சாய்ஞ்சா அலை இதுவரைக்கும் ஏறும் சார். இன்ஜின்ல உப்புத்தண்ணி பூந்துடும். டிராக்டர் காலையிலதான் கெடைக்கும்."

கஜபதியின் முகம் செத்துவிட்டது. "எப்படியாவது வண்டிய ஏத்திகினு, நேரா ஊட்டுக்குப் பூடலாம்டி. போதும்."

லோகநாயகிக்கு அழுகை முட்டியது. முதல் நாளே திரும்பினால் உத்தமன் ஆயுசுக்கும் இதையே சொல்லிக் காட்டுவான். அவள் புதைந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து வருஷமாக, ரசம் ஊற்றும்போதெல்லாம் இந்த மனுஷன் ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறான். டாங்கிக்கு ரோடே வேண்டாமாம். சங்கிலி முன்னால் விழுந்து ரோடாகுமாம், சக்கரம் அதன் மேல் ஓடுமாம், ஓடி முடிந்ததை எடுத்து மறுபடி முன்னால் போட்டுக்கொள்ளுமாம்.

விறுவிறுவென்று வேனுக்குள் ஏறிப் பாய்களை உருவினாள்.

"இன்னாடி பண்றே? ராத்திரி எதுல படுக்கறது?"

"வண்டி முழுகிட்டா மட்டும் எங்கே படுப்பே? தாம்பாளத்த எடுத்து சக்கரத்துக்குப் பின்னால மணலை வாரு!"

அவன் வாரினான். அய்யாசாமி சவுக்கு மிளாறுகளை அள்ளிவந்து பள்ளத்தில் பரப்பினார். அதன் மேல் பாய். ஒரு பக்கத்துக்கு இரண்டு வேண்டும். ஆனால் கையில் மூன்றுதான் இருந்தது. நாலாவது கஸ்தூரியின் கல்யாணப் பாய். ஓரத்தில் சிவப்பு நூலில் இருவர் பெயரும் நெய்தது. கஸ்தூரி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கைவைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்த புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பாயைத் தானே கொண்டுபோய் விரித்தாள்.

"ஏத்துங்க மாமா. ஓரத்துல ஒரு பேரு கீது பாருங்க, அது மேலயே ஏத்துங்க."

உத்தமனின் சிரிப்பு நின்றது.

"ரிவர்ஸ் போடு! உறுமாதே, மெல்ல உருட்டு!" என்று கத்தினாள் லோகநாயகி. வேன் முனகியது, குலுங்கியது, பின்சக்கரம் பாயைப் பிடித்தது. கடந்துவந்த பாயைக் கஸ்தூரி முன்னாலிருந்து உருவி ஓடிவருவாள். லோகநாயகி அதைப் பின்னால் விரிப்பாள். மறுபடி உருவல், மறுபடி விரிப்பு. ஏழாவது தடவை உத்தமனும் ஒரு பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கடைசிப் பாயிலிருந்து சக்கரம் சவுக்குச் சருகில் ஏறியபோது, முதலில் புதைந்த பள்ளத்தில் அலை வந்து நுரைத்தது.

அய்யாசாமி கைதட்டினார். "சார் பேக்டரி மூளைன்னா மூளைதான்!"

கஜபதி மீசையைத் தடவப் போனவன், பெண்டாட்டியைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான். "நான் வாயால சொன்னதோட சரி. வண்டிய ஏத்துனது இவதான்."

ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேதான் இருந்தார்கள். உத்தமன் தன் பெயர் மேல் ஓடிய டயர்த்தடத்திலேயே இரண்டு ராத்திரியும் படுத்தான். கடைசி நாள் மத்தியானம் மெதுவாக வந்து கேட்டான்.

"அண்ணி, கெளம்பலாமா?"

லோகநாயகி அலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "சாயங்காலம்னு சொன்னேன் இல்ல? இன்னும் வெயிலே எறங்கல. போயி டீ போட்டு எடுத்துகினு வா."

உத்தமன் போனான்.