இரட்டைக் கோடு

எடிட்டிங் அறையில் உட்கார்ந்து பேராசிரியரின் பேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, திரையில் அந்தக் களிமண் பலகை வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது அவள் கீறிய பலகை.

"இந்த இரட்டைக் கோடுகளைக் கவனியுங்கள்," என்றார் திரையிலிருந்த பேராசிரியர். அவருக்குப் பின்னாலிருந்த அலமாரியில் அவர் எழுதிய புத்தகங்கள் மட்டும் முகத்தைக் காட்டி நின்றன. "இரண்டு போகத்துக்குமான தானிய வரி. நாலாயிரம் வருடங்களுக்கு முன்பே எவ்வளவு துல்லியமான நிர்வாகம்!" சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

வரியுமில்லை, தானியமுமில்லை. அத்தனையும் அவள் கணவன் போனில் போட்ட 'ம்'.

தொடரின் பெயர் 'மண்மூடிய மகாநகரம்'. அதற்கு வர்ணனை எழுதுகிறவள் அவள். எழுதியதைப் படிக்கிறவருக்குத் தொலைக்காட்சி நிலையத்தில் இடிமுழக்கம் என்று பட்டப்பெயர். அவர் 'அன்றொரு நாள்' என்றாலே கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். "அவரே எழுதிப் படிக்கிறாரா அண்ணி? நீங்க அங்க என்ன பண்றீங்க?" என்று நாத்தனார் ஒருமுறை வெள்ளந்தியாகக் கேட்டாள். என்ன பதில் சொன்னோம் என்று இவளுக்கு நினைவில்லை. பதிலுக்காக நாத்தனார் காத்திருக்கவுமில்லை.

படப்பிடிப்பு நடந்த அன்று, நிஜப் பலகைகளைப் படமெடுக்க அருங்காட்சியகம் அனுமதி தராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. நடிகர்கள் வரும் காட்சிகளுக்காகக் கலை இயக்குநர் களிமண்ணைப் பிசைந்து பலகைகள் தட்டி வரிசையாக வைத்திருந்தார். மேகம் விலகட்டும் என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் ஓரமாகப் போய் உட்கார்ந்து கணவனைக் கூப்பிட்டாள். காலையில் அகழ்வுக் குழிக்குள் பார்த்தது அவள் மனசைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தது.

"ஒரு சின்ன அறைங்க. அடுப்பு இருக்கு. அடுப்புக்கு முன்னால ஆள் உக்கார்ற இடம் மட்டும் தேஞ்சு பள்ளமாயிருக்கு."

"ம்."

"யாரோ ஒருத்தி ஆயுசு பூரா அங்கயே உக்காந்திருக்கா. அதைப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"ம்."

"அவ என்னல்லாம் நெனச்சிருப்பா, யாருகிட்டச் சொல்லியிருப்பா..."

"ம்."

எப்போது கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள் என்று அவளுக்கே தெரியாது. பக்கத்திலிருந்த ஈரப் பலகையில் ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரு கீறல் விழுந்தது. ஹேர்பின்னுக்கு இரண்டு கால் என்பதால் இரட்டைக் கோடு. பலகையில் இடமில்லாமல் போனபோது அவன், "அது கெடக்கட்டும், சார்ஜரை எங்க வெச்ச?" என்றான்.

கலை இயக்குநர் அந்தப் பலகையையும் சேர்த்துச் சூளையில் சுட்டு, டீத்தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கிவிட்டார்.

இப்போது அது சரித்திரமாகி வந்து நிற்கிறது.

"தம்பி, இது நம்ம செட்ல செஞ்சது," என்றாள் எடிட்டரிடம்.

"இல்லக்கா. மியூசியம் போட்டோ ஃபோல்டர்ல இருந்துதான் புரொபசருக்கு அனுப்பினேன்."

"அந்த ஃபோல்டர்ல யாரு போட்டது?"

"நான்தான்," என்றவன் கொஞ்சம் யோசித்து, "பாக்க ஒரிஜினல் மாதிரி இருந்துச்சுக்கா," என்றான்.

டைரக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நீங்க கீறினதா? பிரமாதமா கீறியிருக்கீங்க மேடம். மியூசியத்துல உள்ளதெல்லாம் நமுத்துப்போன பிஸ்கட் மாதிரி இருக்கு."

"சார், பொய்யாச்சே இது."

"நாம எங்க பொய் சொன்னோம்? நிபுணர் சொல்றாரு, நாம காட்டறோம். அவரு வாயால தப்புன்னு சொல்லட்டும், இப்பவே தூக்கிடறேன்."

அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். 'இது நான் செய்தது' என்று ஒருத்தி சொன்னால், ஒரே ஒரு ஆளாவது அதை நம்ப வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை. மறுநாளே பேராசிரியர் வீட்டுக்குப் போனாள்.

பேராசிரியர் பெரிய மனதோடு சிரித்தார். "நீங்க கீறியிருக்க முடியாதும்மா."

"ஏன் சார்?"

"மேல இருக்கிற கோடெல்லாம் மெல்லிசு. கீழ வர வர அழுத்தம் ஏறுது. ஒரு நோக்கத்தோட இயங்கின கை இது. பொழுதுபோகாம கிறுக்கின கை இல்ல."

இத்தனை வருடத்தில் அவள் கையை இவ்வளவு சரியாகப் படித்தவர் யாருமில்லை. கையை நம்புகிறார், கைக்காரியைத்தான் நம்பமாட்டேன் என்கிறார்.

கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, மேசைமேலிருந்த அட்டையில் நாலு இழு இழுத்துக் காட்டினாள்.

"ஆஹா, அச்சு அசலா நகல் எடுக்கறீங்களே! அப்போ அந்தக் காலத்துலயும் ரெண்டு கால் வெச்ச கருவி ஏதோ இருந்திருக்கணும்," என்று பேராசிரியர் பரபரவென்று குறித்துக்கொண்டார்.

காப்பித் தம்ளர்களை எடுக்க அவர் மனைவி வந்தாள். மேசைமேல் கிடந்த பலகையின் படத்தைக் குனிந்து பார்த்தாள். "அம்மாடி, இவ்வளவு இருக்கே! என்ன கணக்குங்க இது?"

"ம்," என்றார் பேராசிரியர் எழுதிக்கொண்டே.

"கண் டாக்டரைப் பாக்கணும்னு சொல்லிட்டிருந்தேனே, எப்பப் போறோம்?"

"ம்."

பேராசிரியரின் மனைவி நிமிர்ந்தாள். அவள் பார்வை படத்தில் படிந்து, ஹேர்பின்னுக்கு வந்து, இவள் முகத்தில் நின்றது. "கீழ போகப் போக நல்லா அழுத்திட்டீங்க போல," என்றாள் தணிந்த குரலில். தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரே ஒரு ஆள் நம்பியாயிற்று. ஆனால் டைரக்டரிடம் சாட்சியாகக் கூட்டிப்போகிற ஆள் இல்லை அது. அவள் ஹேர்பின்னைக் கொண்டையில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

அவள் கையில் மிஞ்சியது வர்ணனை ஒன்றுதான். அதில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். டைரக்டர் படித்துவிட்டு நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "என்ன கற்பனை மேடம்! எங்க புடிச்சீங்க?"

"போன்ல," என்றாள். அவர் அதற்கும் சிரித்தார்.

ஒளிபரப்பன்று அவள் சோபாவின் ஒரு முனையிலும் கணவன் மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையில் போன். பேராசிரியர் வரியைச் சொல்லி முடித்ததும் பலகை திரை முழுக்க வந்தது. இடிமுழக்கம் குரலைத் தாழ்த்தினார்.

"வரிக் கணக்காக இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். ஒருத்தி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். எதிரிலிருந்து ஒரே ஒரு ஓசைதான் வந்தது. அது வரும்போதெல்லாம் அவள் ஒரு கீறல் கீறினாள். பலகை நிறைந்தது. அவள் பேச்சை நிறுத்தினாள்."

கணவன் போனைக் கவிழ்த்து வைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத காட்சி அது.

"அய்யோ பாவம்!" என்றான். "புருஷன் சரியான கல்லுளிமங்கனா இருந்திருப்பான்."

அவள் சட்டென்று அவனைப் பார்த்தாள். "அது நான்தாங்க."

"நீ எழுதினதுன்னு தெரியும், அதை விடு. நான் அவளைச் சொல்றேன். எவ்வளவு ஆசையாப் பேச வந்திருப்பா!"

"அந்தக் கோடெல்லாம் நான் கீறினதுன்னு சொல்றேன்."

"அதான் தெரியும்னேனே. அந்த மனுஷன் குரல்ல கேக்கறப்போ அப்படியே உலுக்கிடுச்சு." அவன் அவள் பக்கமாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டான். கண்ணோரம் ஈரம் மினுங்கியது. "அவ யாரா இருந்திருப்பா? அன்னிக்கு என்ன சொல்ல வந்திருப்பா? ஒருத்தராவது கேட்டிருந்தா..."

அவன் பேசிக்கொண்டே போனான். இத்தனை வார்த்தைகள் அவனுக்குள் இருந்தனவா என்றிருந்தது அவளுக்கு. அதில் ஒன்றுகூட அவளுக்கானதில்லை. செத்து மண்ணானவளிடம் எவ்வளவு கரிசனம்! அவள் பார்வை திரையில் ஓடிய பெயர்களில் இருந்தது. அவள் பெயர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"ம்," என்றாள்.

சொன்ன பிறகுதான் கவனித்தாள். அதற்கு வாயைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு சுலபமா இது?

"என்ன ம்? நான் பேசிட்டே இருக்கேன், காதுல விழுதா இல்லையா?" கணவனின் குரலில் நிஜமாகவே அடிபட்ட வலி இருந்தது.

அவள் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, இருவருக்கும் நடுவே சோபாவில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். என்னவென்று புரியவில்லை.

"விழுதுங்க," என்றாள். "அது கெடக்கட்டும், சார்ஜரை எங்க வெச்சீங்க?"