படிவம் எண் 47-அ

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. முப்பத்து நான்கு வருடம் கோர்ட்டில் குப்பை கொட்டி, 1995-இல் ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவன் நான். பொள்ளாச்சி வட்டாரத்தில் எந்தக் கோர்ட் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'கொட்டும் மழையில், ரத்தம் சொட்டச் சொட்ட, ஜெயக்கொடி நீதிமன்றப் படியேறி—'

அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். அவள் தோளில் காயம் ஆறி ஒரு வருடம் ஆகியிருந்தது.

2

ஜெயக்கொடி வால்பாறையில் கொழுந்து பறிப்பவள். குழாயடிச் சண்டையில் பக்கத்து லயத்து வரிசை வீட்டு நஞ்சுண்டன், தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் கத்தியால் அவளை வெட்டினான். அவள் சாட்சி சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கியபோது, சிரித்துக்கொண்டே சொன்னான்:

"வெளிய வந்தா மொதக் காப்பி உங்க ஊட்லதானுங்க, அம்மணி."

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதன்பின் பஸ் சத்தம் கேட்டாலே அவள் கதவைத் தாழிடத் தொடங்கினாள். அவன் ஜாமீனில் வந்துவிட்டான், வரவில்லை என்று லயத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள நாற்பது தடவை மலையிறங்கி வந்தாள். (நான்கு தடவை. கொண்டை ஊசி வளைவுகள்தான் நாற்பது.)

"ஏனுங்க, அவன் உள்ள இருக்கானுங்களா, வெளிய இருக்கானுங்களா?"

"நகல் மனுப் போடுங்க அம்மணி. ஸ்டாம்பு ஒட்டோணும்."

இப்படிச் சொன்ன கல்நெஞ்சனுக்கு வழுக்கைத் தலையும் திருட்டு முழியும் கொடுத்து ஒரு பாத்திரமாக்கப் பார்த்தேன். மூன்று முறை திருத்தி எழுதியும் அவன் என் ஜாடையிலேயே வந்து நின்றான். சரி, நான்தான்.

[சட்டம் படிக்கப் பிடிக்காதவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிவிடலாம். புலன் விசாரணை என்னவாயிற்று என்று புகார் கொடுத்தவருக்குப் போலீஸ் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு ஒரு விதி இருந்தது. கேஸ் கோர்ட்டுக்கு வந்த பிறகு சொல்வதற்கு ஆள் இல்லை. தண்டனை பெற்றவனுக்குத் தீர்ப்பு நகல் இலவசம். வெட்டுப்பட்டவளுக்கு மனு, ஸ்டாம்பு, பிறகு காத்திருப்பு.]

3

1994-இல் தீர்ப்பு வந்தது. மூன்று வருடம். மனசு உறுத்த, அதை ஒரு போஸ்ட் கார்டில் அவளுக்கு எழுதிப் போட்டேன். அடுத்த வாரம் அந்தக் கார்டோடு என் மேஜை முன் வந்து நின்றாள்.

"இத நீங்கதான் எழுதுனீங்கன்னு எப்படிங்க நம்பறது? அவனோட அண்ணனும் நல்லா எழுதுவானுங்க."

"அதான் இப்ப நேர்லயே சொல்றனே, அம்மணி."

"போன தடவ ஒண்ணும் சொல்லாம அனுப்புனதும் நேர்லதானுங்க. சீல் இருக்குதுங்களா?"

"கார்டுக்கு ஏதுங்க சீல்?"

"அப்ப நான் தாப்பாளத் தொறக்க மாட்டனுங்க."

அன்று மாலை தட்டச்சில் உட்கார்ந்து, என் வாழ்க்கையின் முதல் புனைகதையை எழுதினேன். 'படிவம் எண் 47-அ. பாதிக்கப்பட்டோருக்கு அறிவிப்பு.' நாற்பத்தேழு என்று ஒரு படிவம் உண்டா என்று தெரியாது. பக்கத்தில் 'அ' போட்டுவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். குற்றவாளி பெயர், தண்டனை, சிறை புகுந்த நாள், விடுதலையாகும் நாள் என்று கட்டங்கள். ஒரு வட்ட முத்திரை. அவசரத்தில் கோணலாக விழுந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கட்டை வேகாத வரைக்கும் குமாஸ்தா குமாஸ்தாதான். அடியில் கிழித்து அனுப்ப ஓர் ஒப்புகைச் சீட்டும் வைத்துவிட்டேன்.

4

அந்தச் சீட்டு நேராக மாஜிஸ்திரேட் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

'தாள் கெடச்சதுங்க. ஒரு வருசமா தாப்பாப் போட்டுக் கெடந்தனுங்க. இன்னைக்குக் கதவத் தொறந்து வெச்சுட்டு வாசல்ல உக்காந்து மீன் கழுவுனனுங்க.'

முடிவு ஒன்று: எனக்கு விலங்கு மாட்டினார்கள், ஆயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கொட்டு முழக்கோடு மலையிறங்கி— (ஆசைதான்.)

முடிவு இரண்டு: மாஜிஸ்திரேட் கோவிந்தராஜுலு என்னைக் கூப்பிட்டார்.

"இது எந்தச் சட்டத்துல வருதுங்க?"

"இனிமேத்தான் வரோணுங்க, ஐயா."

அவர் சீட்டை இரண்டு முறை படித்தார். என் பென்ஷன் ஜன்னல் வழியாகப் பறந்து போவதைக் கண்ணால் பார்த்தேன்.

"முத்திரை கோணலா இருக்குதுங்க. அடுத்ததுல நேரா வைங்க."

வெளியே வந்து பதினெட்டு டீ குடித்தேன். (இரண்டு.)

5

ஓய்வு பெற்ற அன்று, அதன்பின் அடித்து வைத்திருந்ததில் மிச்சப் படிவங்களை மேஜை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். போன வருடம் வீட்டுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே, நஞ்சுண்டன் பெயரில் ஒரு 47-அ. விடுதலை நாள் கட்டம் நிரப்பியிருந்தது. கீழே, 'பாதிக்கப்பட்டவருக்குப் பத்து நாள் முன்பே தெரிவிக்கப்பட்டது. நகல்: ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க்.' எனக்குத் தெரியாத கையெழுத்து. முத்திரை நேராக இருந்தது. நிரப்பியது யாரென்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் இது கதையாக இருக்காது, ஃபைலாகிவிடும்.

ஆக, நஞ்சுண்டன் வரும் பஸ் நாற்பதாவது வளைவில் ஹாரன் அடிக்கிறது. கதவு பூட்டியிருக்கலாம். அவள் அண்ணன்மார் நாலு பேர் வாசலில் இருக்கலாம். அவள் கொடுமுடிக்குச் சாமி கும்பிடப் போயிருக்கலாம். எதுவானாலும், அது பத்து நாள் யோசித்து அவளே எடுத்த முடிவு. எனக்கு அது போதும். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். உங்களுக்குப் போதாதென்றால், கீழே இடம் விட்டிருக்கிறேன். கிழித்து அனுப்புங்கள்.

- - - - - - - - - - - -

தகவல் கிடைத்தது. கதவு: ....................