வண்டி நின்றாலும் நூறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். மகள் என் டீசல் பில்களையெல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்ததும் கத்திவிட்டேன்.

"பள்ளிக்கூடத்துல கேட்டிருக்காங்கப்பா. எரிபொருள் செலவுக்கு வரைபடம் போடணும்."

நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன். தினமும் வீடு திரும்புமுன் டேங்கை முழுக்க நிரப்பி, அன்று ஓடிய கிலோமீட்டரைப் பில்லின் பின்னால் எழுதிவைப்பேன். அந்தப் பழக்கமே என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று யார் கண்டது?

கட்டத்தாளில் கீழே கிலோமீட்டர், பக்கவாட்டில் செலவு. நாற்பதுக்கு ஐந்நூறு, அறுபதுக்கு எழுநூறு. புள்ளிகளைச் சேர்த்தால் நேர்கோடு. ஆனால் அது பூஜ்ஜியத்தில் தொடங்காமல் நூறில் தொடங்கியது.

"கிலோமீட்டருக்குப் பத்து, சரி. ஓடாம நின்னாலும் நூறு ஆகுதே, அது அம்மாவுக்குத்தானே?"

ஆமாம். அவள் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயில் தாங்காது; வீட்டுக்கு ஏசி வாங்க எனக்கு வக்கில்லை. வண்டியை வாசலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு, ஒரு மணி நேரம் பின் சீட்டில் படுக்கவைப்பேன். "டீசல் குடிக்கிற பொண்டாட்டி உங்களுக்குத்தான் வாய்ச்சிருக்கு" என்று சிரிப்பாள், பாவி.

"அது ஆறு மாசத்துக்கு முந்தின பில்லு. இந்தச் சிவப்புக் கோடு போன மாசத்துக்கு," என்றாள் மகள்.

அது நூறு இறங்கியிருக்க வேண்டும். பழைய கோட்டின் மேலேயே படுத்திருந்தது.

"அம்மா போய் மூணு மாசமாச்சேப்பா. இன்னும் ஏன் நூறு?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவள் பள்ளியில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் இத்தனை நாளும் செய்தேன். நான் உடைந்தால் அவளும் உடைந்துவிடுவாளே என்ற பயம்.

"விலை ஏறியிருக்கும், போ!" என்று எரிந்து விழுந்தேன்.

"விலை ஏறினா கோடு இன்னும் செங்குத்தாகும்ப்பா," என்று முணுமுணுத்துத் தாளை மடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடுமுறை. மதியம் அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டேன். பின் சீட்டில் அந்தத் தலையணை இன்னும் கிடந்தது. ஏசியைப் பின்பக்கம் திருப்பிவைத்தேன்.

முன் கதவு திறந்தது. மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து தாளை நீட்டினாள். அடியில் கடைசிக் கேள்வி: வண்டி ஓடாதபோதும் ஆகும் செலவு எதற்கு? நேரே 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்தாள்.

"தப்புன்னா சொல்லுங்கப்பா, அழிச்சிடுறேன்."

"அழிக்காதடி."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதேன். அவள் கை என் முதுகில் இருந்தது. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.